பெயர் தெரியாதவருக்கு ஒரு மாலை

டூட்டிங்கில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே, தென் லண்டனின் ஜாஸ் இசைக்காரர்களுக்கென்று அயலில் உள்ள சனம் சேர்ந்து நடத்தும் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிறுகளில் நான் அங்கே சம்பளமில்லாமல் நிற்பேன். காவலர் யாழ்ப்பாணத்தவர். ஒல்லி, மழிக்காத முகம், கோடையிலும் கழுத்துவரை பூட்டிய கோட்டு.

ட்ரம்பெட்டோடு நிற்கும் கறுப்பு இளைஞர் ஒருவரின் படம் சுவரில் இருந்தது. "பெயர் தெரியாது, தெரிந்தவர்கள் உதவுங்கள்" என்று கீழே எழுதியிருந்தோம். வருகிறவர்களை எல்லாம் காவலர் அந்தப் படத்தடிக்குக் கூட்டிப்போய், தெரியுமா என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்பார். சிலர் எரிச்சல்பட்டார்கள். நானும்தான்.

அருங்காட்சியகத்துக்கு ஆதரவு கேட்டு ஊரையே அழைத்த நாளில், வடிவாக இருக்கட்டும் என்று அந்தப் படத்துக்கு மல்லிகை மாலை போட்டேன். காவலர் ஓடிவந்து கழற்றினார்.

"என்ன வேலை செய்தனீங்கள், தங்கச்சி? ஆள் செத்ததெண்டு ஆர் சொன்னது?"

"பழைய படம்தானே, அண்ணை."

"என்ர தம்பியின்ர படமும் பழசுதான். சண்டைக்குள்ள காணாமல் போனவன். இண்டைவரைக்கும் நான் மாலை போடேல்லை."

மாலையை அவரிடமிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

போன மாதம் ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவி, படத்தைக் கண்டதும் பெயரைச் சொல்லி அழுதார். அவருடைய அண்ணனாம். தானே பக்கத்தில் நின்று அடக்கம் செய்தாராம்.

அடுத்த ஞாயிறு காவலரே மாலை வாங்கி வந்தார். கதிரையில் ஏறிப் போட்டார். இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"குடுத்துவைச்ச மனுசன்."