வனமாமலை செய்த போணி

வெண்டைக்காய் வாங்குவதில் வனமாமலையை மிஞ்ச சேரப்பணஞ்சேரிக் காலைச் சந்தையில் ஆள் கிடையாது. நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஜாதி அல்ல அவன். அது விற்கிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற வேலை என்பான். கையில் எடுத்து லேசாக அழுத்துவான், அவ்வளவுதான். அவன் வைக்கும் புளிக்குழம்புக்கு அறையில் உடன் தங்கியிருக்கும் மூன்று பேரும் அடிமை. அவர்களும் தெற்கத்திக்காரர்கள், ஃபேக்டரி கேண்டீன் சாம்பாரில் நாக்கு செத்தவர்கள்.

ஆனால் அவனிடம் ஒரு விநோதம் உண்டு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்காமல் சைக்கிளை மிதித்து, வியாபாரிகள் சாக்கை விரிக்கிற நேரத்துக்கே வந்து நிற்பான். வந்தவன் வாங்கமாட்டான். யாருமே பேசாத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். வேறு யாராவது ஒரு கட்டுக் கீரையாவது வாங்கிப் போணி செய்துவிட்டுப் போன பிறகுதான் கூடைப் பக்கம் குனிவான்.

காரணம் நாங்குநேரிப் பக்கம், அவனுடைய சொந்த ஊரில் இருந்தது. அவன் பிறந்த வருஷம் வீட்டுக் கிணறு வற்றிப்போனது. சுற்றியிருந்தவர்கள் போட்டி போட்டு ஆழ்துளைக் கிணறு இறக்கியதை யாரும் பேசவில்லை, பிள்ளை பிறந்ததைப் பேசினார்கள். மாமா டீக்கடை திறந்தபோது முதல் டீக்குக் காசு கொடுத்தவன் இவன். அந்த வருஷமே கடை மூடிப்போனது. கல்லாவில் விழுந்ததை மாமா சாயங்காலமானால் எந்தக் கடையில் கொண்டுபோய்க் கொட்டினார் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் பழி இவன் கைக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தங்கை கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும் நேரத்தில், சர்க்கரை போதாது என்று இவனைக் கடைக்கு அனுப்பிவைத்தார்கள். எதற்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்தேதான் போய் வாங்கி வந்தான். கேட்கிற நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவனுக்கு வரவில்லை. ஊர் சொன்னதை அவனே நம்பிவிட்டான், அதுதான் கொடுமை.

ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ராசிகெட்ட கை என்ற பேர் மட்டும் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. வராமலே இருக்கட்டும் என்பதுதான் அவனுடைய ஒரே வேண்டுதல். வந்தாலும் பங்கஜம் அக்கா காதுக்கு மட்டும் போய்விடக் கூடாது.

பங்கஜம் உள்ளூர்க்காரி. ஏரிக்கரைக்குக் கீழே, கம்பெனிகளுக்குப் போனது போக மிஞ்சிய துண்டு நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டு, தானே பறித்துத் தானே விற்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், கை தாராளம். கேட்காமலே கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் திணிப்பாள். அவளிடம் தவிர வேறு யாரிடமும் வனமாமலை வெண்டைக்காய் வாங்கியதில்லை.

அன்று நன்றாக விடிந்தும் அவள் கூடைக்குப் போணி ஆகவில்லை. வனமாமலை ஃபோனும் காதுமாக மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தான்.

“இன்னாபா, தெனம் இதே ரோதனையா கீது?” என்று பங்கஜம் வெடித்தாள். “நின்னு வேடிக்கை பாக்கற, வேற எவனாவது வாங்கினப்பறம் வர்ற. நாலு பேரு துன்னுட்டு உசுரோட கீறானான்னு பாத்துதான் நீ வாங்குவியா? என் காய் இன்னா சொத்தையா?”

“ஐயோ, அப்படியில்லக்கா. நீங்க மொதல்ல போணி பண்ணுங்க. நான் பெறவு வாங்கிக்கிடுதேன்.”

“வாணாம். இனிமே என் கடைப் பக்கமே வராத, போ!”

அவன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தான். அப்போதுதான் அவள் தலைக்கு மேலிருந்த குடைக் கம்பியில் தொங்கிய க்யூஆர் அட்டை கண்ணில் பட்டது. கையால் கொடுத்தால்தானே கைராசி? ஃபோனில் அனுப்பினால் பேங்க் கொடுக்கிறது, பேங்க் வாங்குகிறது, இதில் இவன் கை எங்கே வந்தது? “ஒரு கிலோ போடுங்கக்கா” என்று உற்சாகமாக ஃபோனை நீட்டினான்.

பங்கஜம் அட்டையை உள்ளங்கையால் மூடினாள். “போணிக்கு இது ஆவாது. கண்ணுல ஒத்திக்க வாணாமா? கையில குடு.”

வேறு வழியில்லை. கிணறு, டீக்கடை, பந்தக்கால் எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொல்லிவிட்டான். “எங்கையி வெளங்காத கையிக்கா. ஒங்க யாவாரம் கெட்டுரக் கூடாதுன்னுதான் தள்ளி நின்னேன்.”

அவள் காசுக்குக் கையை நீட்டினாள். நெருப்பைக் கொடுப்பது போல அவன் நோட்டைக் கொடுத்தான். அவள் அதைக் கண்களில் ஒற்றி, கத்தரிக்கு மேலும் வெண்டைக்கு மேலும் ஒரு சுற்றுச் சுற்றி, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

வனமாமலை அறைக்குப் போகவில்லை. எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு அவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தை நடப்பதே ஷிஃப்ட் விட்டு வந்து இறங்கும் கம்பெனி பஸ் கூட்டத்தை நம்பித்தான். அன்று ஒரு பஸ்கூட வரவில்லை. வெயில் ஏறி, மற்றவர்கள் சாக்கைச் சுருட்டியபோதும் பங்கஜத்தின் வெண்டைக்காய்க் குவியல் குவியலாகவே இருந்தது. சொல்லாமல் எழுந்து போய்விடலாமா, இனி படப்பைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான். மனசு கேட்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

“பாத்தியளாக்கா? நாந்தான் அப்பமே சொன்னேம்லா. மிச்சத்த எல்லாம் நானே எடுத்துக்கிடுதேன்.”

“நாலு பேரு கீற ரூமுக்கு இத்தினி வெண்டக்கா எதுக்கு, கண்காட்சி வைக்கப் போறியா?” என்றாள் பங்கஜம். “வல்லத்தாண்ட ரோட்டை நோண்டிப் போட்டு கீறானுங்க. பஸ்ஸெல்லாம் அந்தாண்ட சுத்திக்கினு போவுது. அதையும் நீதான் போய் நோண்டிட்டு வந்தியா?”

வனமாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது. பங்கஜம் அதைப் பார்க்காதவள் போல அவன் பையில் கறிவேப்பிலையைத் திணித்தாள்.

“நாளைக்கும் நீதான் போணி. நீ வர்ற வரிக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்கமாட்டேன். சுருக்க வந்து சேரு.”

மறுநாள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில், லைனில் ஆள் குறைவு என்று சூப்பர்வைசர் அவனைத் தேடி வந்தார். ஓ.டி. என்றால் ஒருநாளும் மறுக்காதவன் என்பதால் கேட்கக்கூட இல்லை, நேராகப் பேரை எழுதப் போனார். வனமாமலை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“இன்னிக்கு முடியாது சார். நான் போனாத்தான் அங்க யாவாரமே ஆரம்பிக்கும்.”