எர்த்து வயரை மட்டும் கழற்றாதீர்கள்

என் தங்கையின் கணவர் சாத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் கரண்டே இல்லாமல் கரண்டு தருகிற மிஷினை நம்பினார் என்று வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன், அவர் வேலையை விடப் போகிறார் என்று தெரியும் வரைக்கும்.

ஆரம்பம் எல்லாம் செல்போனில்தான். விடியற்காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து போனை எடுத்தால் அவருடைய வீடியோ வந்து கிடக்கும். காந்தத்தை ஒட்டியதும் மின்விசிறி தானாகச் சுற்றும். ஒரு வீடியோவில் எக்ஸ்டென்ஷன் போர்டின் பின்னை அதே போர்டில் சொருகியதும் பல்பு எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. உடனே கூப்பிட்டேன்.

"மாப்ளே, சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்?"

"மச்சான், உங்க அத்தாட்ட செல்போன்னு ஒண்ணு வரும்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாகளா?"

என் அப்பாவை இழுத்துக் கேட்கிற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பல முறை போனை வைத்திருக்கிறேன். வைத்த பிறகுதான், அந்தச் செல்போனுக்கும் தினம் சார்ஜ் போட வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். மறுபடி கூப்பிட்டால் சண்டைக்குக் கூப்பிட்டது போல ஆகிவிடும் என்று விட்டுவிடுவேன்.

நான் சிவகாசியில், விஸ்வநத்தம் போகிற ரோட்டில், பட்டாசுக்குப் பெட்டி செய்கிற யூனிட் வைத்திருக்கிறேன். அச்சாகி வருகிற அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டிக் கொடுப்போம். லோடு அனுப்புவதற்காகப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போய்வந்து பழக்கம். ராக்கெட்டில் எவ்வளவு மருந்து அடைத்தார்களோ அம்புட்டுத் தூரம்தான் அது போகும். மருந்து இல்லாமல் மேலே போகிற ராக்கெட் ஒன்று இருந்தால் அதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். இதையும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, பெருசா, கனமா உள்ள அட்டைப் பெட்டி கொஞ்சம் அனுப்பி விடுங்க. சாமான் கட்டணும்."

"எதுக்கும்மா?"

"குவார்ட்டர்ஸைக் காலி பண்ணப் போறோம்."

விஷயத்தை அவள்தான் சொன்னாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் தானாக ஓடும் மிஷினைக் கண்டுபிடித்திருக்கிறாராம். விருதுநகர் மாவட்டத்துக்கு ஏஜென்சியை மாப்பிள்ளைக்குத் தருகிறாராம், வேலையை விட்டால் வரும் பி.எஃப். பணத்தை டெபாசிட்டாகக் கட்டினால் போதுமாம். ஆனால் முழு நேரமும் அதையே பார்க்க வேண்டும், மில் வேலையோடு சேர்த்துப் பார்க்க முடியாது. வேலை போனால் மில் கொடுத்த வீடும் போகும். கல்யாணம் ஆகிப் போனதிலிருந்து அவள் இருப்பது அந்த வீட்டில்தான். பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லிப் பாத்தாச்சு. நீங்க எதுவும் சொல்லிராதீக அண்ணே. நீங்க மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுவீக. ரோசத்துல நாளைக்கே போய் எழுதிக் குடுத்துட்டு வந்துருவாரு."

அவள் சொன்னது சரி. என் வாய் அப்படிப்பட்டது. எனவே வேறு எதுவும் சொல்லாமல், பெட்டி ஸ்டாக் இல்லை, சீசன் ஆர்டருக்கே பற்றவில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன். பெட்டி போடுகிறவன் பெட்டி இல்லை என்கிறான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்குப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். நேற்று வந்த சூப்பர்வைசர் பையன்கள் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். மோட்டார் நின்றால் அவர் மேல் குற்றம், ஓடினால் அவருக்குப் பெயர் இல்லை. அப்படி இருக்கிறவரைத் தேடி ஒருவன் வந்து, இந்த மிஷினைப் புரிந்துகொள்கிற மூளை உங்களுக்குத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். மிஷினை விட அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

கோபப்படாமல் என்ன செய்யலாம் என்று யோசித்து, மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அந்த மிஷினை என் யூனிட்டில் கொண்டுவந்து ஓட்டட்டும், சீசன் நேரம், நாலு பேர் பார்ப்பார்கள், அது ஓடினால் உங்கள் சாமான்களை என் லோடு வண்டியிலேயே ஏற்றி நானே இறக்கித் தருகிறேன் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கண்டுபிடித்தவர் வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. என் தொப்பியைப் பார்த்தார், யூனிட்டைச் சுற்றிப் பார்த்தார். இந்தப் பக்கம் கரண்டு எப்போது போகும் என்று கேட்டார். மாதாந்திரப் பராமரிப்பு இப்போதுதான் முடிந்தது, இனி அடுத்த மாதம்தான் என்றேன். சீசனில் இரண்டு ஷிப்டு ஓடுவதால் எங்கள் மெயின் சுவிட்ச் இறங்குவதே இல்லை என்றும் சொன்னேன்.

"ஆயுத பூஜை வருதே. உங்களுக்கு அதெல்லாம் இல்லையே பாய்?"

"எங்களுக்கு இல்ல."

ஏன் கேட்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மிஷினை ஓடவிட்டுப் போய், விடுமுறை முடிந்து வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மிஷின் என்பது ஒரு இரும்புச் சட்டம். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் கரண்டு உண்டாக்கும் டைனமோ, நடுவில் ஆள் தூக்க முடியாத கனத்தில் ஒரு சக்கரம், மூன்றையும் இணைத்துப் பெல்ட். முதலில் அதை எங்கள் கரண்டில் சுற்றவிட்டார். வேகம் பிடித்ததும் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். சக்கரம் நிற்கவில்லை. பெட்டி ஒட்டும் மேஜைக்கு மேலே, மிஷினோடு இணைத்திருந்த நான்கு பல்புகள் எரிந்தன. நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச்கூட இல்லை, நிறுத்தவே வேண்டாத மிஷினுக்கு எதற்குச் சுவிட்ச் என்றார்.

நான் சும்மா விடவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன். மூடிகளைத் திறக்கச் சொல்லி உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தேன். மிச்சம் இருந்தது அவரே இழுத்துக் கட்டியிருந்த ஒரு வயர். சட்டத்திலிருந்து சுவரோரமாகப் போய் எங்கள் மெயின் போர்டுக்குப் பின்னால் மறைந்தது.

"இது?"

"எர்த்து பாய். தாராளமா கழட்டிப் பாருங்க. ஆனா ஆளுக்கு ஷாக் அடிச்சா நான் பொறுப்பில்ல."

"எர்த்தைக் கழட்டச் சொல்லாதீக மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

நானும் தலையாட்டினேன். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பட்டாசு அறைக்குள் காலை வைக்கும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். தொடாமல் போனால் ஒரு பொறி போதும், அப்புறம் பேச்சு இல்லை. அந்தத் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை எங்களுடையது. எர்த்து வயரைக் கழற்று என்று சொல்கிறவனை இந்த ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அந்த ஒரு வயரை மரியாதையோடு விட்டுவிட்டேன். எர்த்துக்கு எதற்கு இத்தனை தடிமனான வயர் என்றுகூடக் கேட்கவில்லை.

மிஷின் ஓடியது. மறுநாளும் ஓடியது. பெட்டி ஒட்டும் பெண்கள் அதன் பல்பு வெளிச்சத்தில் வேலை பார்த்தார்கள். மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து சாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ராஜினாமாவை எழுதிவிட்டதாகவும், பூஜை லீவு முடிந்து மில் திறந்ததும் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். ஒருவேளை நான்தான் படிக்காத முட்டாளோ, உலகம் எங்கேயோ போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். தங்கை மறுபடி பெட்டி கேட்டபோது, நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாளைதான் ஆயுத பூஜை. எங்களுக்கு இல்லை என்று நான் சொன்னது என் வீட்டைப் பற்றி. யூனிட்டில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உண்டு, அத்தா காலத்திலிருந்தே அவர்கள் செய்கிறார்கள். பொரி, கடலை, பழம் எல்லாம் என் செலவு. கண்டுபிடித்தவர் என் தொப்பியைப் பார்த்தார், என்னிடம் வேலை பார்ப்பவர்களைப் பற்றிக் கேட்கவில்லை.

மத்தியானத்தோடு வேலையை நிறுத்தி, வெட்டும் மிஷின்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பூஜையை முன்னின்று நடத்துவது ஒட்டுகிற பகுதிக்கு மேஸ்திரியாக இருக்கும் அக்கா. தானாக ஓடும் மிஷின் முன்னால் வந்து குங்குமக் கிண்ணத்தோடு நின்றாள்.

"இதை நிறுத்த மாட்டீகளா? இன்னிக்கு எல்லா மிஷினுக்கும் லீவுல்ல."

"அதுக்குச் சுவிட்சு கெடையாதுக்கா," என்றார் மாப்பிள்ளை பெருமையாக.

"சுத்துறதுல கையை வச்சா கையில்ல போயிரும். அது பாட்டுக்கு ஓடட்டும். அதுக்குத்தான் கரண்டே வேண்டாமே."

சொல்லிவிட்டு அக்கா, வருடா வருடம் செய்வதுபோல மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, போர்டுக்கும் பொட்டு வைத்தாள். விசிறிகள் நின்றன. நானும் மாப்பிள்ளையும் வாசல் பக்கம் ஒதுங்கி நின்றோம். சூடம் ஏற்றினார்கள். பூசணிக்காயை வாசலில் சுற்றி உடைத்தார்கள். அதுவரைக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அம்புட்டுக் கனமான சக்கரம் உடனே நிற்காது.

முதலில் கேட்டவர் மாப்பிள்ளை. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த இரைச்சல் தணிவது எனக்கே தெரிந்தது. மேஜைக்கு மேலே பல்புகள் மங்கி, சிவந்து, அணைந்தன. சக்கரம் இன்னும் நாலு சுற்று சோம்பலாகச் சுற்றிவிட்டு நின்றது.

மாப்பிள்ளை போர்டிடம் போனார். மெயினை ஏற்றினார். மிஷின் முனகிக்கொண்டு மறுபடி கிளம்பியது. இறக்கினார், நிற்கும்வரை காத்திருந்தார். மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினார். பிறகு கத்தியை எடுத்து அந்த எர்த்து வயரின் தோலைக் கீறினார். உள்ளே பச்சை வயர் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். பச்சையோடு கரண்டு வருகிற சிவப்பும் கறுப்பும் இருந்தன. அவற்றைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். நான் எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவருடைய முகத்தைப் பார்த்ததும் ஒன்றைக்கூடச் சொல்ல மனம் வரவில்லை.

அக்காதான் பேசினாள். அவளிடம் கேலி ஒன்றும் இல்லை.

"இப்பத்தான் நின்னுருச்சே. இதுக்கும் பொட்டு வச்சிரட்டுமாண்ணே?"

"வைங்கக்கா," என்றார். "இதுவும் கரண்டுல ஓடுற மிஷின்தான்."

அவள் வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொரி கடலை கொடுத்தாள். மாப்பிள்ளை கையில் வாங்கினாரே தவிர வாயில் போடவில்லை. கண்டுபிடித்தவருக்கு நான் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். பிறகும் அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை. மிஷினைத் தேடி இன்றுவரை யாரும் வரவில்லை.

பெண்கள் கிளம்பிப் போன பிறகு அவர் தன் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். நான் விலகிப் போகப் பார்த்தேன். இருங்க என்று கையைக் காட்டினார்.

"நான்தான். சாமான் கட்ட வேண்டாம்," என்றார். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமா, ஆமா என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எனக்குப் பின்னால், தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"உங்க அண்ணன்ட்ட இனிமே பெட்டி கேக்காத. பாவம், ஸ்டாக் இல்லையாம்."