படாத குத்து

"படல. நான் பாத்துகினுதான் வந்தேன்" என்று ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே ஜெயப்ரியா சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னால் ஆரணி மார்க்கெட் தெருவெல்லாம் தக்காளி உருண்டுகொண்டிருந்தது. தள்ளுவண்டிக்காரர் கவிழ்ந்த கூடையைக் காட்டினார். "கூடைய ஏன் அவ்ளோ ஓரமா வெச்சீங்க?" என்று அவரையே கேட்டாள். வண்டியை அணைக்கவும் இல்லை. பின்சீட்டிலிருந்து இறங்கி நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி ஜெயப்ரியாவுடையது. வாள்வீச்சில் பல்கலைக்கழகத் தங்கம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள். ஃபைலை நீட்டினால்கூட அரை அடி பின்வாங்கி, பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டி வாங்குவாள். எதிராளிக்கு உடம்பை முழுசாகக் காட்டக் கூடாதாம். மேலதிகாரி திட்டும்போதும் அப்படியே நிற்பாள். திட்டு அவளைத் தாண்டி வந்து என் மேல் விழும்.

வலது காலை முன்வைத்துப் பாய்ந்து பாய்ந்து அவளுக்கு வலது தொடை மட்டும் பருத்துவிட்டது. "ரெண்டு காலுக்கும் ரெண்டு அளவு வருதுமா" என்று டெய்லர் தசரதன் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க டேப்பு இழுத்துகினு போச்சு, மாத்துங்க" என்றாள். பாவம், அவர் புது டேப் வாங்கி அளந்தார். அதுவும் தப்பாம்.

1998இல் வேலூரில் கல்லூரி சேர்ந்தபோது கபடியிலும் கோகோவிலும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. வாள்வீச்சுக்கு ஆளே இல்லாததால் அங்கே எடுத்துக்கொண்டார்கள். பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் அப்பா மாணிக்கவேல், மகள் ஃபென்சிங் ஆடுகிறாள் என்று ஊரெல்லாம் சொன்னார். அது என்னவென்று அவருக்கும் தெரியாது. வந்தவாசிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், "நம்ம கழனிக்கும் பாப்பாவையே கம்பி வேலி போடச் சொல்லுங்க" என்று கேட்டாராம். அப்பாவும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆட்டத்தில் அவள் மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எட்டிப் பாய்வதில் அவளுக்கு ஈடில்லை என்று கூட ஆடியவர்களே சொல்கிறார்கள். ஆனால் குத்துப் பட்டால் விளக்கெரியும் மெஷின் இல்லாத பயிற்சிகளில், பட்டவர் தாமே கையைத் தூக்கி ஒப்புக்கொள்வது அங்கே மரியாதை. ஜெயப்ரியாவின் கை கல்லூரி முடியும்வரை ஒருமுறைகூட மேலே போகவில்லை. அவளோடு ஆடுவதே பேஜார் என்று மற்றப் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கடைசி வருடம் பல்கலைக்கழக இறுதிப் போட்டி. எதிரே வேறொரு கல்லூரியிலிருந்து எழிலரசி. தெள்ளாரில் கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண். பாதியில் கரண்ட் போய்விட்டது. மெஷின் செத்துப்போக, பழைய முறைப்படி நான்கு நடுவர்களைச் சுற்றி நிறுத்தி, கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஆளுக்குப் பதினான்கு புள்ளி. அடுத்த குத்து வைப்பவருக்குத் தங்கம். எழிலரசி இடது விலாவைக் குறிவைத்துப் பாய்ந்து ஒன்று வைத்தாள். நடுவர்கள் யாரும் பட்டதாகச் சொல்லவில்லை. எழிலரசி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஜெயப்ரியாவையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஜெயப்ரியா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாளாம். அடுத்த குத்து ஜெயப்ரியாவுடையது. தங்கம் கிடைத்தது, விளையாட்டு ஒதுக்கீட்டில் இருந்த ஒரே வேலையும் கிடைத்தது.

இவ்வளவும் அவளே பெருமையாகச் சொல்வதுதான். அவள் சொல்லாத மிச்சத்தை அவள் அம்மா தனக்கோடி சிரித்துக்கொண்டே சொன்னார். போட்டி முடிந்து வந்த பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது இடது விலாவில் பொட்டளவு ரத்தம் கன்றியிருந்ததாம். "இன்னாடி இது?" என்று கேட்டிருக்கிறார்.

"நாலு ஜட்ஜு பாக்கல, உனுக்கு மட்டும் எப்டிமா தெரிஞ்சுது?" என்றாளாம்.

தக்காளி உருண்ட அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது அவள் அப்பாவின் கடைக்குத்தான். எனக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்க வேண்டியிருந்தது. புடவை எடுத்துப் போட, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்தாள். "தெள்ளார் பொண்ணு, எழிலரசி. நீ ஆடுன ஆட்டம்தான் இதுவும் ஆடுச்சாம்" என்றார் மாணிக்கவேல். ஜெயப்ரியா பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

எழிலரசி அரக்கு பார்டர் வைத்த மஞ்சள் புடவை ஒன்றை எங்கள் முன் விரித்தாள். மடிப்பை நீவிக்கொண்டே, விலை சொல்லும் குரலில் கேட்டாள்.

"மேடம், அன்னிக்கு ஃபைனல்ல கடைசிக்கு முன்ன நான் வெச்சது உங்க மேல பட்டுது இல்லீங்களா? சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். வேலைய ஒண்ணும் திருப்பிக் கேக்கல."

மாணிக்கவேல் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். ஜெயப்ரியா முந்தானையைப் புரட்டி, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இந்தக் கலர் இவங்களுக்கு செட் ஆவாது" என்றாள். பிறகு வலது கையை நேராக மேலே தூக்கி அலமாரியின் உச்சித் தட்டைக் காட்டினாள். எழிலரசி ஸ்டூலை இழுத்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி ஏறும்வரை அந்தக் கை இறங்கவில்லை.