வாயை மட்டும் அசைத்தால் போதுமாம்

பங்குப் பேரவைச் செயலாளர் ராயப்பன் அந்தச் செய்தியைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். கோயில் பொன்விழாத் திருப்பலியை யூடியூபில் நேரலையாகக் காட்டப்போகிறார்கள். துபாயிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளெல்லாம் பார்ப்பார்கள். பாட்டு சுத்தமாக இருக்க வேண்டாமா? அதனால் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் தொழில்முறைப் பாடகர்களை வைத்து ஐந்து பாட்டையும் பதிவு செய்தாகிவிட்டது.

“அப்ப நாங்க?” என்று கேட்டாள் கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஏஞ்சலின்.

“நீங்க இல்லாமயாம்மா? முன்னாடி நிக்கப்போறதே நீங்கதான். பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி சேல எடுத்தாச்சு. மைக்கு சும்மா இருக்கும். பாட்டு ஓடுறப்ப வாய மட்டும் அசைச்சாப் போதும்.”

ஏஞ்சலினுக்குக் காது சூடேறியது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் இருபத்தெட்டு வருடமாகக் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் வேலை பார்ப்பவள். மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே உரத்துப்போன குரல் அவளுடையது. தேன் குரல் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அந்தக் குரல் பொய்யாக ஒரு நாளும் ஒலித்ததில்லை.

அந்தப் பாடகர் குழு எப்படி வந்தது என்பது ராயப்பனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை.

தொண்ணூற்றொன்பதில் மார்த்தாள் இறந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் தோலிலிருந்து உப்பு உதறிய பெண். உப்பு அரித்துக் கால் இரண்டும் வெடித்துப் போயிருந்தது. கோயிலில் அப்போது ஆர்மோனியக்காரர் ஒருவரும் அவரோடு மூன்று பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வருவார்கள், திருவிழாவுக்கு வருவார்கள். மார்த்தாள் வீட்டுச் சாவுக்கு வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோ ஹாரனைத் தவிர வேறு சத்தமில்லை. இருபத்து நாலு வயது ஏஞ்சலினுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுசி மண்ணுக்குப் போகிறாள், ஒரு வரி பாட ஆளில்லையா? நடுரோட்டில் அவளே எடுத்துப் பாடினாள். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஒரு குரல் சேர்ந்தது. அது மரியபுஷ்பம், அதே ஆலையில் வேலை பார்த்தவள். அன்று தொடங்கியது குழு; நாளடைவில் ஞாயிற்றுப் பூசைக்கும் அவர்களே பாடினார்கள்.

அதன்பிறகு எந்தச் சாவு வீட்டையும் அவர்கள் விட்டதில்லை. ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசி படிந்த தலையோடு போய்ப் பாடினார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆஸ்பத்திரி வார்டு வார்டாகப் போனார்கள். தொற்றுக் காலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் விடாதபோது மதில் சுவருக்கு வெளியே தள்ளித் தள்ளி நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியப் பாடினார்கள். மரியபுஷ்பத்தின் பக்கத்து வீட்டு அய்யம்மாள் கோயில் பக்கமே வராதவள். அவளுடைய மகன் லாரி மோதிச் செத்தபோது அவளே வந்து கூப்பிட்டாள். “எந்தச் சாமி பாட்டா இருந்தா என்னத்தா, வந்து பாடுங்க. வீடு இம்புட்டுச் சத்தமில்லாம கெடக்குறத என்னால தாங்க முடியல” என்றாள். போய்ப் பாடினார்கள்.

இத்தனைக்கும் பிறகு, வாயை மட்டும் அசைக்க வேண்டுமாம்!

ஏஞ்சலின் சும்மா இருக்கவில்லை. நடிக்க மாட்டோம், நாங்களே பாடுகிறோம் என்று ராயப்பனிடம் மறுபடி போய்க் கேட்டாள். புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டாள். “ஒரு நாளைக்குத்தானேக்கா, விட்டுக்குடுங்க” என்றார் அவர். பேரவைக் கூட்டத்திலும் எழுந்து கேட்டாள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒத்திகையன்று குழுவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: “நான் வந்து நிப்பேன். வாய் அசைக்க மாட்டேன். நீங்க ஒங்க இஷ்டம்.”

பொன்விழா அன்று பீடத்துக்குப் பக்கத்தில் மாம்பழ நிறச் சேலையில் பத்துப் பேரும் வரிசையாக நின்றார்கள். ஸ்பீக்கரில் வருகைப் பாடல் கிளம்பியது. வயலின் என்ன, புல்லாங்குழல் என்ன! கேமரா இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. ஏஞ்சலின் உதட்டை இறுக மூடிக்கொண்டு நேரே பார்த்தாள். அடுத்து நின்ற பவித்ராவும் மூடியிருந்தாள். மரியபுஷ்பமும் அப்படியே. மொத்தம் ஆறு வாய்கள் திறக்கவில்லை. மற்ற நால்வர் வாயை அசைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தடுமாறினார்கள். முன்வரிசையிலிருந்து காது மந்தமான ஒரு பெரியவர், “பாட்டு எங்கிட்டிருந்துப்பா வருது?” என்று கோயிலே கேட்கும்படி கேட்டார். சிலர் சிரித்தார்கள். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐந்து பாட்டுக்கும் அந்த ஆறு பேரும் அப்படியே நின்றார்கள்.

மறுநாளே விசாரணை.

“கோயில அசிங்கப்படுத்திட்டீங்க” என்று மேசையைத் தட்டினார் ராயப்பன்.

“பாடாம நின்னது அசிங்கமா? பாடுற மாதிரி நடிக்கச் சொன்னீங்களே, அது அசிங்கமில்லையா?”

“மொதல்லயே சொல்லிருக்கலாமேக்கா” என்றார் பங்குத்தந்தை.

“மூணு தடவ சொன்னேன் சாமி. ஒருத்தரு காதுலயும் ஏறல.”

மன்னிப்புக் கடிதம் எழுதித் தராதவர்கள் குழுவில் இல்லை என்று முடிவானது. ஐந்து பேர் எழுதவில்லை. மரியபுஷ்பம் எழுதிக் கொடுத்தாள். அவளுடைய மகன் கோயில் பள்ளி வேனுக்கு டிரைவர். அவளால் வேறென்ன செய்ய முடியும் என்று ஏஞ்சலினுக்குப் புரியாமலில்லை. புரிந்தும் ஆறவில்லை. ஆலை பஸ்ஸில் எப்போதும் மரியபுஷ்பத்தின் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் வேறு சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் ஒரு பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இப்போது பென் டிரைவ் பாடுகிறது. அதைச் சாவு வீட்டுக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ஆவணியில் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது, அவருடைய மனைவியின் தம்பி நேராக ஏஞ்சலின் வீட்டுக்குத்தான் வந்தார். ஐந்து பேரும் போனார்கள். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து அந்தக் குரல் சேர்ந்தது. ஏஞ்சலின் திரும்பிப் பார்க்கவில்லை. சுருதியை மட்டும் அரைக் கட்டை இறக்கினாள். மரியபுஷ்பத்துக்கு அதுதான் வசதி.

கோயில் மாதாமாதம் வெளியிடும் பங்கு மடலை அடுத்த மாதம் பார்த்ததும் ஏஞ்சலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சாவு வீட்டில் யாரோ எடுத்த படம். கீழே, ‘துயரில் பங்கெடுக்கும் நம் பாடகர் குழு – பேரவையின் தொடர் பணி’ என்று போட்டிருந்தது.

மடலைச் சுருட்டிக்கொண்டு நேரே ராயப்பனின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடையில் ஆள் இருந்தது. இருக்கட்டும் என்றுதான் பேசினாள்.

“எங்கள நீக்கிட்டீங்கல்ல? அப்பறம் எங்க பாட்டு எப்பிடிங்க ஒங்க பணியாச்சு?”

“எல்லாம் கோயில் பேருக்குத்தானேம்மா... உள்ள வாங்க, செத்த நேரம் ஒக்காந்து பேசுவோம்.”

“ஒக்கார வரல. ‘பேரவை நீக்கிய பெண்கள் தாமாகப் போய்ப் பாடினார்கள்’னு அடுத்த மடல்ல வரணும். பேரோட வரணும். எழுதுங்க.”

ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் வேறு வழியில்லாமல் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். ஐந்து பெயர்களைச் சொல்லிவிட்டு ஏஞ்சலின் நிறுத்தவில்லை.

“ஆறாவதா மரியபுஷ்பம்னு போடுங்க.”

“அவங்கதான் மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டாங்களே. குழுவுலதானே இருக்காங்க?”

“அன்னைக்கு வந்து பாடுனா. போடுங்க.”

திருத்தம் வந்தது. கடைசிப் பக்கத்தில், ஞானஸ்நானப் பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்தில் மூன்று வரி. ‘நீக்கிய’ என்ற சொல்லை விழுங்கிவிட்டார்கள். அதற்காக ஏஞ்சலின் மறுபடி ஒருமுறை கடைக்குப் போனாள்.