முட்டின்னா, யார் முட்டி?

“முட்டி வரைக்கும்னா, யார் முட்டி? நீங்களே வந்து நில்லுங்க” என்று வீட்டுக்காரரைச் சுவரோரம் நிறுத்தி, காலருகே டேப்பை இழுக்கிறார் ஜெகதீசன். புனே நகரத்து ஏரவாடாவில் ஆற்றையொட்டிய சந்துகளில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: வெள்ளம் எதுவரை வந்தது? டீ கொடுத்தால் குடிப்பார். பதில் வாங்காமல் நகரமாட்டார்.

ஐம்பது வயது. அப்பா தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர். இவர், நகரத் திட்டங்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வேயர். கல்யாண மண்டபத்திலும் சுவரின் அடியில்தான் கண் போகும். “இந்த ஹால்ல ரெண்டடி தண்ணி நின்னுக்கீது” என்பார், பந்தியில் உட்கார்ந்துகொண்டே.

போன வருஷம் அந்தச் சந்துக் குழந்தைகளுக்குப் பால்வாடி கட்ட இடம் குறித்தார்கள். நாலா என்கிற பெரிய கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய காலி மைதானம். வரைபடத்தில் ஆற்று வெள்ளக் கோட்டுக்கு வெளியே இருந்ததால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஜெகதீசனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மைதானத்தை ஒட்டிய சந்தில் குடியிருக்கும் அபயாம்பாள், பாத்திர அலமாரியைக் காட்டி அவரிடம் சொல்லியிருந்தாள்: “ஆத்துத் தண்ணி எங்க தம்பி இங்க வருது? நாலாதான் எதுத்துக்கினு உள்ள வரும். ரெண்டாவது தட்டு வரைக்கும் வந்துச்சு. டப்பாலாம் மெதந்துச்சு.”

திட்டம் மஞ்சூர் ஆகி அனுமதியும் வந்துவிட்டது, இனி மாற்றுவது கஷ்டம் என்றாள் மாநகராட்சிப் பொறியாளர் தேஜஸ்வினி. ஜெகதீசன் வாதாடவில்லை. ஒருமுறை இடத்துக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை, தன் வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை இருந்த உயரத்தில் அபயாம்பாள் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை மைதானத்தின் நடுவே தேஜஸ்வினியின் கையில் கொடுத்தார். குழாய்க்குள் ஆடி அடங்கிய தண்ணீர், அவள் நெஞ்சுக்கு நேரே நின்றது.

“பாப் ரே!” என்றாள் அவள்.

பால்வாடிக் குழந்தைகள் எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று அவர் இந்தியில் கேட்டார். அடுத்த வாரமே அவள் வரைபடத்தைத் திருப்பி வாங்கினாள். பால்வாடி மேட்டுத் தெருவில், ரேஷன் கடைக்குப் பக்கத்தில் எழுந்தது.

இந்த ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. அணையையும் திறந்துவிட்டார்கள். காலையில் பல்கூடத் துலக்காமல் ஜெகதீசன் அபயாம்பாளுக்குப் போன் போட்டார்.

“அக்கா, நாலா எப்டி கீது?”

“மைதானமே தெரியல தம்பி, அவ்ளோ தண்ணி. எங்க சந்து ஜனம் மொத்தமும் பால்வாடிலதான் கீறோம். புள்ளைங்க கிச்சடி துன்னுதுங்க.”

“உள்ள தண்ணி?”

“எங்க வருது? நம்பிக்கை இல்லேன்னா நீயே வந்து பாரு.”

தொப்பலாக நனைந்து பால்வாடிக்கு வந்து சேர்ந்தார். “வா தம்பி, கிச்சடி சூடா கீது” என்று அபயாம்பாள் கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நேரே பின்சுவர் மூலைக்குப் போய்க் குந்தி, அங்கே கிடந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். தூசி. அதைத் தட்டிவிடாமல், அந்தக் கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.