செவலைக்குக் குஞ்சு சேர்த்த கதை

எங்கள் வீட்டுக் கோழிகள் எல்லாம் சேர்ந்து செவலை என்கிற பெட்டைக்கோழியைக் கொத்திக் கொத்தியே அதன் கழுத்தை மொட்டையாக்கிவிட்டன. தீனி தின்னக்கூட விடுவதில்லை. அதனால் அதற்கு மட்டும் சமையலறை வாசலில் தனியாகப் போடுவேன். கணவர் சிங்கப்பூர் போனதிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

போன வாரம் முட்டையே இல்லாமல் விறகுக்கட்டுக்குப் பின்னால் அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் சொன்னேன்.

"இன்னாடி இது, வெறுந்தரையப் போயி அடகாக்குது! பாகூர்ல குஞ்சு வாங்கியாந்து, இருட்டுனதும் அதும் வயித்துக்கு அடியில வுடு. தன்னுதுன்னு நெனச்சிக்கும்."

"கொத்திடுச்சின்னா?"

"அதுவே எல்லாருகிட்டயும் கொத்து வாங்குனது. அது இன்னாத்த கொத்தப்போவுது?"

நேற்று பொழுது சாய்ந்ததும் வாங்கி வந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கு அடியில் நுழைத்தேன். செவலை குனிந்து பார்த்தது. பிறகு இறக்கையை லேசாகத் தூக்கி இடம் கொடுத்தது.

இன்று காலை குஞ்சுகளோடு தோட்டத்துக்கு வந்தது. பழைய எதிரிகள் நெருங்கியதும் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது பாருங்கள், அத்தனையும் வேலிப்பக்கம் ஓடிவிட்டன! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நொய்யரிசியை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் கையிலும் ஒரே கொத்து. ரத்தமே வந்துவிட்டது.

கணவரிடம் சொல்லலாம் என்று போன் செய்தேன். வேலையில் இருப்பார் போல, எடுக்கவில்லை.

மத்தியானம் சும்மா இருப்பவர்கள் யாராவது கமெண்டுக்கு வாருங்கள். நான் கொத்த மாட்டேன்.