ஆறு கிலோ ஈயம்

போன டிசம்பர். இன்னொன்றும் மூழ்கிவிட்டது. மொட்டைமாடியில் நிற்கும் நீல பிளாஸ்டிக் பீப்பாயின் அடியிலிருந்து பொத்தென்று சத்தம் வந்ததும் கோமதி கயிற்றைப் பிடித்து லைஃப் ஜாக்கெட்டை வெளியே இழுக்கிறார். அதன் நெஞ்சோடு கட்டிவிட்ட ஆறு கிலோ ஈயக் கட்டியை அவிழ்த்துத் தரையில் வைக்கிறார். அக்குள் பக்கத்துத் தையலை பிளேடால் இரண்டு அங்குலம் பிரித்து, உள்ளே இருக்கும் நுரைப் பலகையில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறியும் தேதியும் போடுகிறார். "துணியில எழுதுனா வெளுத்துப் போயிரும். உள்ள இருக்கதுலதாம் எழுதணும்" என்கிறார் என்னைப் பார்க்காமலே. அதற்குள் அடுத்த ஜாக்கெட்டில் ஈயம் கட்டியாகிவிட்டது.

இந்த வங்காள நகரத்தில் கரியாஹாட் சந்தைக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் கட்டடம். எனக்கு மேலே மொட்டைமாடி மட்டும்தான். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டைகள் மேல் தண்ணீர் கொட்டியது. சண்டை போடுவதற்கென்றே படியேறிப் போனேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்மணி பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "வந்ததுதாம் வந்தீய, வாட்ச் கட்டியிருக்கீயலா? பத்து நிமிசம் ஆனா சொல்லுங்க" என்றார். சொன்னேன். அன்று போட வந்த சண்டையை இன்றுவரை போடவில்லை.

கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகில் பந்தயம் போகிறவர்களின் விதி அது. ஆறு கிலோ ஈயத்தைச் சுமந்துகொண்டு மிதக்காத ஜாக்கெட், ஜாக்கெட் இல்லை. பத்து நிமிடம் என்பது கோமதியே சேர்த்துக்கொண்டது. மலை ஆற்றில் ஒருவன் கவிழ்ந்தால் அடுத்த படகு வந்து அவனைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

வயது ஐம்பத்தொன்று. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர். மகளுக்கும் இங்கே கிடர்பூர்த் துறைமுகத்திலேயே வேலை. முப்பது வருடமாகப் பேருந்து, கைவண்டி, லாரி மூன்றுக்கும் நடுவே புகுந்து ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிற மனுஷி. வங்காளியில் பேரம் பேசுவார், இந்தியில் அதட்டுவார், கோபம் வந்தால் மட்டும் தூத்துக்குடிக்குப் போய்விடுவார்.

அவரோடு படகில் ஆற்றைக் கடப்பது ஒரு தண்டனை. உட்கார மாட்டார். கைப்பிடிக் கம்பியில் தொங்கும் மிதவை வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை வளையங்களை யாரும் திருடாமல் இருக்க இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். டிக்கெட் கிழிப்பவரிடம் போய், ஆள் விழுந்தால் வளையத்தைப் போடுவீர்களா, குறடு தேடுவீர்களா என்று வங்காளியில் கேட்டார். அவர் சிரித்தார். கோமதி சிரிக்கவில்லை. கரையேறும்வரை அந்தக் கம்பியைத் தன் கையாலேயே பிரித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கங்கையின் அழகை ரசிப்பதுபோல் நின்றேன்.

இருபத்திரண்டு வயதில் அலுவலக நண்பர்களோடு ஒரு சாகசக் கழகத்தில் சேர்ந்து கயாக் ஓட்டக் கற்றார். டிசம்பர் குளிரில் நீச்சல் குளத்தில் படகோடு தலைகீழாகக் கவிழ்ந்து, துடுப்பை வீசி நிமிர்வதுதான் முதல் பாடம். நாலு வருடம் கழித்து வடக்கே ஒரு மலை ஆற்றில் ஏழு பேர் பயணம் போனார்கள். மூன்றாம் நாள் ஒரு பாறைக்குப் பின்னால் சுழலும் நீரில் மாட்டிக்கொண்டார். "படகு என்னைய விட்டுட்டுப் போயிட்டு. துடுப்பும் போயிட்டு. ரெண்டு தடவ உள்ள இழுத்துட்டு. மூணாந்தடவ மேல தூக்குனது இந்தச் சட்டைதாம். மூக்குல தண்ணி ஏறுதப்ப நம்ம படிப்பு சம்பளம் ஒண்ணும் கூட வராது பாத்துக்கிடுங்க." இதை ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு உடனே பீப்பாய்க்குத் தண்ணீர் திறந்துவிடப் போய்விட்டார்.

அதே ஆற்றில் இப்போது வருடந்தோறும் ஒரு திருவிழா நடக்கிறது. ஆற்றின் குறுக்கே கம்பியில் தொங்கும் சிவப்பு, பச்சைக் கழிகளுக்கு நடுவே கயாக்குகள் புகுந்து வருகிற பந்தயம் அதில் முக்கியம். கழியைத் தொட்டால் இரண்டு விநாடி தண்டம், இரு கழிகளுக்கு நடுவே உள்ள வாசல் ஒன்றைத் தவறவிட்டால் ஐம்பது விநாடி. பதினோராம் வாசலுக்கு எதிரே ஒரு பாறையில் காலைமுதல் மாலைவரை குடையோடு உட்கார்ந்திருக்கும் நடுவர் கோமதி. போன வருடம் பெரிய இடத்துப் பையன் ஒருவனுக்கு இரண்டு விநாடி போட்டதற்காக மூன்று பேர் வந்து நயமாகப் பேசிப் பார்த்தார்கள். "கம்பு ஆடிச்சு. நாம் பாத்தேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

திருவிழாவின் லைஃப் ஜாக்கெட்டுகளைச் சோதிக்கும் பொறுப்பும் அவருடையதுதான். சம்பளமில்லாத வேலை. பந்தயக்காரர்கள் சொந்த ஜாக்கெட் கொண்டுவருவார்கள். கழகத்தின் நாற்பது ஜாக்கெட்டுகள் தொடக்கநாள் காலையில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சிறுமிகளுக்கு. நாற்பது பேரையும் ரப்பர் படகுகளில் ஏற்றி, கையில் கொடி கொடுத்து, மேடைக்கு முன்னால் ஒரு சுற்று கொண்டுபோவார்கள். அந்தப் படம்தான் மறுநாள் பத்திரிகைகளில் வரும். வழவழப்பான விளம்பரப் புத்தகம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாம் பக்கத்தில் 'பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

போன டிசம்பரில் அந்த நாற்பதில் முப்பத்தொன்று மூழ்கின. மழைக்காலம் முழுக்க ஜாக்கெட்டுகளைக் கிடங்கில் ரப்பர் படகுகளுக்கு அடியில் போட்டு நசுக்கி வைத்திருந்தார்கள். நசுங்கிய நுரை அப்பளமாகி, மிதக்கும் சக்தி போய்விட்டது. கோமதி முப்பத்தொன்றையும் கழித்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்துக் கழகங்களிடம் இரவல் வாங்கி அந்த வருடத்தை ஒப்பேற்றினார்கள். மேடையில் கோமதிக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையால்தான் இப்போது பீப்பாயைத் துடைக்கிறார்.

இந்த வருடம் சைக்கிள் வண்டியில் நாற்பதும் வந்து இறங்கியபோது தெருவே பளிச்சென்றது. புத்தம்புது ஆரஞ்சு நிறம். முதுகில் விழாவுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வெள்ளை எழுத்தில். கோமதி ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "பரவால்லியே. சொன்னதக் கேட்டிருக்காவ" என்றார். அவர் கணவர் சுந்தரம் கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் இருப்பவர், வாரம் முழுக்கப் பேச வேண்டியதை அங்கேயே பேசி முடித்துவிட்டு வருகிறவர். அவர்கூட அன்று காபித் தம்ளர்களோடு மேலே வந்து, "ஒரு வழியா ஒனக்கு வேலயில்லாமப் போச்சு" என்றார்.

முதல் ஜாக்கெட் இரண்டாவது நிமிடத்தில் மூழ்கியது.

ஈயக் கட்டியைச் சரியாகக் கட்டவில்லையோ என்று அவிழ்த்து மறுபடி கட்டினார். மறுபடியும் பொத். அடுத்தது மிதந்தது. அதற்கடுத்தது மூழ்கியது. கோமதி மூழ்கியதை மடியில் வைத்து, விரலால் அழுத்தினார். முகர்ந்து பார்த்தார். பிறகு பிளேடை எடுத்து அக்குள் தையலைப் பிரித்தார். புதுத் துணிக்கு உள்ளே பழைய நுரைப் பலகை. அதன் ஓரத்தில் கறுப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. கீழே போன டிசம்பர் தேதி. அவருடைய கையெழுத்து.

நல்ல ஒன்பதோடு சேர்த்து, கழித்துப்போட்ட முப்பத்தொன்றுக்கும் புதுச் சட்டை தைத்துப் போட்டு அவரிடமே சான்றிதழ் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். யாரோ ஒரு தையல்காரர், பாவம், சொன்ன அளவுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார். சொன்னவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் ஒரு பேச்சு. குறியைப் பார்த்துக்கொண்டே உறை மாட்டியிருக்கிறார்கள். துணிக்கும் பெயர் அச்சடிப்பதற்கும் ஆள் கிடைத்திருக்கிறது, நாற்பது குழந்தைகளின் நெஞ்சில் கட்டுகிற நுரைக்கு மட்டும் யாரும் கிடைக்கவில்லை. நான் கண்டபடி பேசினேன். கோமதியோ நாற்பதையும் வரிசையாகச் சோதித்து முடித்தார். மிதந்தது ஒன்பது. மூழ்கியது அதே முப்பத்தொன்று.

முடித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்கு மாடியிலிருந்தே போன் செய்தார். தன் பெயர், வேலை எல்லாம் சொல்லிவிட்டு, பொறுமையான இந்தியில் விஷயத்தை விளக்கினார். ஒன்பது ஜாக்கெட்தான் நல்லது, ஒன்பது ஒன்பது பேராகத்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா, விழா லேட்டாகும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார். "மனசு ஆற மாட்டேங்கு. என் எழுத்தப் பாத்துக்கிட்டேதான மூடித் தச்சிருக்கான்? கோட்டி பிடிச்ச கிறுக்கின்னு நெனச்சிருக்காம்லா என்னய?"

அந்த வாரம் முழுக்க, சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து தையல் பிரித்தார். சுந்தரமும் சேர்ந்துகொண்டார். துணி கிழியாமல், ஒரு நூலைக்கூட அறுத்து இழுக்காமல், ஊசியால் எடுத்து எடுத்துப் பிரித்தார்கள். வெளியே எடுத்த நுரைப் பலகைகளைக் கோமதி அரிவாள்மணையில் வைத்துத் தீப்பெட்டி அளவுக்கு நறுக்கிக் கோணிப்பையில் போட்டார். எதற்கு இந்தச் சிரமம், அப்படியே திருப்பி அனுப்பலாமே என்று கேட்டேன். "போன வருசம் அப்பிடியே அனுப்பி என்னத்தக் கண்டேன்?" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் கோமதி வீட்டில் இருந்தபோது ரஞ்சன் வந்தான். திருவிழாவை நடத்திக் கொடுக்கும் ஆள். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், தமிழ் அவனுக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் வரும்; அக்கா என்பதுகூட வங்காளியில் 'தீதி'தான். நல்ல பையன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரே ஒரு தாள். பாதுகாப்புச் சான்றிதழ். நாற்பது என்ற எண்ணை அவனே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தான்.

"தீதி, ஒரு சைன் மட்டும். இன்ஷூரன்ஸ்காரன் உயிர எடுக்கறான். வண்டி கீழ நிக்குது, ஜாக்கெட் எல்லாம் ஏத்திட்டு ஸ்டேஷனுக்குப் போகணும்."

"உக்காரு. தண்ணி குடி" என்றார் கோமதி.

"டைம் இல்ல தீதி. எல்லாம் புதுசுதானே. இந்தத் தடவ செக் பண்ணவே வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்."

"உள்ள இருக்கது?"

ரஞ்சன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். "தீதி, பட்ஜெட் அவ்ளோதான். அடுத்த வருஷம் கண்டிப்பா மாத்திடலாம். பசங்க பெரிய தண்ணிக்குப் போகப் போறதே இல்ல. மேடைக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம். பக்கத்துலயே ரெஸ்க்யூ ஆளுங்க. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா சட்ட எதுக்கு போடுத?"

"ஃபோட்டோல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். சொல்ல வந்தது என்னவென்று அவனுக்கே கேட்டுவிட்டது.

கோமதி எழுந்து உள்ளே போனார். முதலில் மிதந்த ஒன்பது ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து பக்கத்து நாற்காலியில் வைத்தார். மறுபடி போய், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒரு அடுக்கைத் தூக்கி வந்தார். முப்பத்தொரு ஆரஞ்சு உறைகள். தோய்த்து, இஸ்திரி போட்டு, நிறுவனத்தின் பெயர் மேலே தெரியும்படி ஒரே அளவாக மடித்திருந்தது. கல்யாண வீட்டில் வைத்துக்கொடுக்கிற துணிபோல் அதை ரஞ்சனின் மடியில் வைத்தார்.

"உங்க துணி. ஒரு நூலு கொறையாது, எண்ணிக்கோ. உள்ள இருந்தது போன வருசமே நாங் கழிச்சது, அது உங்களுக்குச் சொந்தமில்ல. நறுக்கிப் போட்டாச்சு. பள்ளிக்கூடத்துல சொல்லியாச்சு, ஒம்பது ஒம்பது பேராத்தாம் வருவாவ."

ரஞ்சன் அடுக்கின் மேலிருந்த உறையை அழுத்திப் பார்த்தான். அது அவன் தொடைவரை அமுங்கியது. வங்காளியில் என்னவோ முணுமுணுத்தான். பிறகு, "அப்போ சைன்?" என்றான், அழுதுவிடுகிறவன் மாதிரி.

கோமதி அவன் கையிலிருந்து சான்றிதழை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் ஒருமுறை படித்தார். அப்படியே பின்பக்கம் திருப்பி மேசையில் வைத்து, 'ஜாக்கெட் ஒன்பது, வெற்று உறை முப்பத்தொன்று, பெற்றுக்கொண்டேன்' என்று வங்காளியில் எழுதினார். கீழே ரஞ்சனின் முழுப் பெயரையும் எழுதி, அதற்கு மேல் கையெழுத்துக்காக நீளமாக ஒரு கோடு போட்டு, பேனாவை அவன் பக்கம் நீட்டினார்.